கம்பளிச் சடை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் வாசலில் கோலம் போட்டதைத் தவிர கையால் ஒரு கோடு இழுத்ததில்லை. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். "பேச வரலேன்னா எழுதிக் குடுங்க அத்தை" என்று மருமகள்தான் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வரும். சிலது மறந்தே போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்ட நன்றி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். எட்டாகவும் இருக்கலாம். டில்லி சரோஜினி நகரில் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இப்போது அங்கே போய்ப் பார்த்தால் எல்லாவற்றையும் இடித்து அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அப்போது மாடி வீடே எங்களுக்கு அதிசயம். அப்பா ஒரு ஆபீசில் பியூன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிற வேலை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டில் அப்பா, அம்மா, நான். எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எதிர்வீட்டில் மீரட் பக்கத்துக் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் சாச்சி என்று கூப்பிடுவேன், நம்மில் சித்தி என்பது போல. அவளுக்கு மூன்றும் பையன்கள். பெண் இல்லாத குறையோ என்னவோ, என் சடையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் என்னை வாசல் தாண்ட விடமாட்டாள். எனக்கு அந்த வயதிலேயே முடி இடுப்பைத் தொடும். அம்மா இரண்டு சடை பின்னி மடித்துக் கட்டுவாள். அதை முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போட்டுக்கொண்டு நான் நடக்கிற நடையைப் பார்த்து, "இவளுக்கு டில்லியே பத்தாது" என்று அப்பா சொல்வார்.

அந்தக் குளிரில் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரியவர்கள் என் முன்னால் பேச்சை நிறுத்திக்கொண்ட நாட்கள் அவை. அப்போது அம்மா பழனி இருக்கிற திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று, மனுசனைக் காப்பாத்திக் குடுத்தா பிள்ளை முடியை உனக்குத் தர்றேன் என்று வேண்டிக்கொண்டாளாம். முடி என்னுடையது, வாக்கு அம்மாவுடையது. முருகனும் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கல் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாக வந்தார், ஆனால் வந்தார். அம்மாவுக்குச் சாமிக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட பயம். பழனிக்குப் போகவோ அப்பாவுக்கு இனி லீவு கிடையாது. முடியை இங்கேயே இறக்கி, மஞ்சள் துணியில் முடிந்து, ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவது என்று முடிவானது. தூரத்தில் இருக்கிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு.

வேப்பமரத்தடியில் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்த நாவிதர், பெண்குழந்தைக்கு மொட்டை போடமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. மறுநாள் காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றி, என்னை முன்னால் உட்காரவைத்து, துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் இரண்டு சடையையும் அவளே வெட்டினாள். கத்தரிக்கோல் மொண்ணை. கறுக் கறுக் என்று நேரமானது. நான் அழுத அழுகையில் விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

"சாமிக்குக் குடுக்கறப்ப அழக்கூடாதுடி."

"நீ உன் முடியக் குடு."

"நறுக்குன்னு வச்சேன்னா."

அப்புறம், அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் தன் பையனுக்குச் சின்னதாகிவிட்டது என்று கொடுத்திருந்த பைஜாமாவையும் ஸ்வெட்டரையும் எனக்கு மாட்டிவிட்டாள். வேறொரு தெருவில் இருந்த நாவிதரிடம் கூட்டிப்போனாள். "பேட்டா, பேட்டா" என்று என்னைக் காட்டினாள். அம்மாவுக்குத் தெரிந்த இந்தியில் பையன் என்கிற வார்த்தை இருந்தது, அது போதுமாயிருந்தது. அந்த நாவிதர் என்னை ஒரு மாதிரி இரக்கமாகப் பார்த்தார். தண்ணீரைச் சுடவைத்துத் தொட்டு, நோகாமல் மழித்தார். முடித்ததும் என் தலையில் கைவைத்து, தாழ்ந்த குரலில் அம்மாவிடம் ஏதோ ஆறுதல் போலச் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே "அச்சா, அச்சா" என்றாள். அந்த மனிதர் திகைத்துப்போய்க் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சந்தனம் அரைக்க உள்ளே போனாள். நான் வாசற்படி வெயிலில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாச்சி தம்பி கல்யாணத்துக்கென்று பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் போகும்போது அப்பா ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடந்தார். திரும்பி வரும்போது எங்கள் வாசலில் மொட்டைத் தலையோடு ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்கிறான்.

பெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து என் பக்கத்தில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தார்கள். "ஹே ராம்" என்று சாச்சி போட்ட கூச்சலில் குவார்ட்டர்ஸில் எல்லாக் கதவும் திறந்தது. நல்ல மனுஷன் போய்விட்டார், ஊரிலிருந்து பங்காளிப் பையன் வந்து காரியம் செய்துவிட்டான் என்று அவளே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். அம்மா சந்தனக் கையோடு வெளியே வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பெண்கள் சூழ்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு என்ன ஏதென்று புரியவில்லை. அத்தனை பேர் கட்டிக்கொண்டு அழுதால் என்ன செய்வது. அவளும் அழுதாள்.

அப்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தாடியும் கையில் கஞ்சி டம்ளருமாக அப்பா வாசலுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோன் மரா, பெஹன்ஜி?" என்றார். யார் இறந்தது என்று கேட்டார். ஒரு பாட்டியம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

அப்புறம் சிரிப்பு. சாச்சி அப்பாவைத் திட்டினாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். என் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "அரே, இது நம்ம குடியா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குடியா என்றால் பொம்மை, என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் மீரட் பக்கத்தில் அப்பா போனால்தான் பிள்ளைக்கு மொட்டை, நான் வேறு என்னவென்று நினைப்பேன் என்று எல்லோரிடமும் நியாயம் கேட்டாள். "நம்ம ஊருல மொட்டையப் பாத்தா எந்தக் கோயிலுன்னு கேப்பாங்க. இவங்க யாரு போனாங்கன்னு கேக்குறாங்க" என்று அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா இந்தக் கதையை ஆபீஸில் பத்து மேசையிலாவது சொல்லியிருப்பார்.

நான் சிரிக்கவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா போனால் பிள்ளைக்கு மொட்டை. எனக்கு மொட்டை போட்டாகிவிட்டது. அப்பா இன்னும் போகவில்லை. அப்படியானால் இனிமேல்தான் போவார்.

பழனிச் சாமிக்காகத்தான் என்று அம்மா சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் பழனி எங்கேயோ இருக்கிறது, நாங்கள் இருப்பது டில்லியில். டில்லியில் டில்லிச் சட்டம்தானே செல்லும் என்று என் புத்தி சொன்னது. இதை யாரிடமும் சொல்லவும் பயம். வாயால் சொன்னால் உடனே நடந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்பா வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து காலையில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன். பள்ளிக்கூடம் போகவும் மாட்டேன். லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் போகவேண்டும். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால். வீட்டில் எல்லோரும், முடி போன வெட்கம் என்று நினைத்தார்கள். அம்மா சின்ன வெங்காயச் சாற்றைத் தலையில் தேய்த்தாள். முடி வளர்ந்ததோ இல்லையோ, தெருநாய் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனது.

அப்பா ஒரு நாள் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாயி, நீ தனியா இருக்கறதாலதான வெக்கமா இருக்கு. நானும் மொட்டை போட்டுக்கிறேன். ரெண்டு பேருமா பஸ்ஸுல போவோம், சரியா?"

நான் வீறிட்டு அழுதேன். அப்பா மொட்டை போட்டால் ஊரிலிருக்கிற தாத்தா செத்துவிடுவார். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும். பாவம், நல்லது செய்ய வந்தவர் முகம் வாடிப்போய் என்னை இறக்கிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது சாச்சிதான். குளிர்காலத்தில் மத்தியான வெயிலில் புல்லில் கட்டில் போட்டுப் பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் என்னை அங்கே கூப்பிட்டு, பின்னி முடித்த ஒன்றை என் தலையில் மாட்டினாள். சாம்பல் நிறத் தொப்பி. இரண்டு காதுக்கும் பின்னாலிருந்து கறுப்புக் கம்பளியில் தடிமனாகப் பின்னின இரண்டு சடை. நுனியில் சிவப்புக் குஞ்சம். சடை என் பழைய சடையைவிட நீளம். சாச்சி இரண்டையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இப்போ யாராவது மொட்டைன்னு சொல்லட்டும். என்கிட்ட வந்து சொல்லு."

இது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவள் நினைத்தது இல்லை. அழகெல்லாம் இரண்டாவது. தொப்பி இருந்தால் மொட்டை தெரியாது. மொட்டை தெரியாவிட்டால், பார்த்துக் கணக்கெடுக்க வருகிறவன் யாராக இருந்தாலும், இந்த வீட்டில் சடைபோட்ட பெண்தான் இருக்கிறாள் என்று திரும்பிப் போய்விடுவான். அவ்வளவுதான் என் யோசனை. மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு குஞ்சத்தைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அம்மா, அப்பா, சாச்சி மூன்று பேருக்கும் நிம்மதி. சாச்சியின் புகழ் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவி, மொட்டையே போடாத குழந்தைகளுக்கும் சடைத்தொப்பி கேட்டு வந்தார்கள்.

தொப்பியை நான் கழற்றவே இல்லை. தூங்கும்போதும் அதுதான். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் மட்டும் கழற்றுவேன், அதுவும் கதவைச் சாத்தித் தாழ்போட்டால்தான். ஹோலி வந்தது, போனது. டில்லி வெயில் சொல்லிவிட்டா வரும். எல்லோரும் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான் மட்டும் வியர்த்து வழிய கம்பளிச் சடையோடு திரிந்தேன். தலையெல்லாம் வேர்க்குரு. அது கொப்புளமானது. கடைசியில் ஒரு நாள், அப்பா வேலைக்குக் கிளம்புகிற நேரம், அம்மா பொறுமை போய்த் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

அப்போதுதான் வாயிலிருந்து வந்துவிட்டது. "அதக் குடும்மா. அப்பா செத்துருவாரு."

அம்மா ஓங்கின கையை இறக்கினாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹோலிக்கு முன்னாலிருந்து அத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அட கூறுகெட்டதே" என்றார் அப்பா. செருமிக்கொண்டார். "தாயி, ஆபீஸ்ல ஒரு ஃபைல் எந்த டிபார்ட்மென்ட்டுல ஆரம்பிச்சதோ அவங்க ரூல்தான் அதுக்கு. இது பழனி ஃபைலு. டில்லிக்கு இதுல கையெழுத்தே கிடையாது."

"சாச்சி சொன்னாங்கள்ல?"

டில்லிச் சட்டத்தை டில்லிக்காரிதான் சொல்லவேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. என் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாச்சி கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா தன் இந்தியைத் திரட்டி, பாதி கையால் பாதி வாயால் விஷயத்தைச் சொன்னாள். அம்மா சொல்லச் சொல்ல, பட்டாணி உரித்த கை நின்றது. சாச்சி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவர்கள் அங்கே அப்படிப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெரிய மனுஷி என் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சாச்சி பேசினது இந்திதான். எனக்கு ஞாபகத்தில் இருப்பது தமிழாக இருக்கிறது.

"இங்க வா குடியா. இந்தக் கெழவி சொல்றதக் கேளு. அப்பா போனா பையனுக்குத்தான் மொட்டை. பொண்ணுக்குக் கிடையாது. எங்க ஊர்ல எந்தப் பொண்ணும் அப்பாவுக்காக மொட்டை போட்டதில்ல. அன்னிக்கு நான் உன்னைப் பையன்னு நெனச்சுட்டேன். நீ பையனா?"

"இல்ல."

"அப்போ உன் மொட்டைக்கும் உன் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு சம்பந்தமும் இல்லை. எவ்வளவு நேரான விஷயம். இத்தனை நாள் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. என் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பட்டாணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். போட்டதும் அடுத்த யோசனை வந்தது. அதையும் கேட்டுவிட்டேன். நான் பையன் இல்லை, எனக்கு அண்ணன் தம்பியும் இல்லை. அப்படியானால் எங்கப்பாவுக்கு யார் மொட்டை போட்டுக்கொள்வார்கள்?

"வாயை மூடுடி" என்றாள் அம்மா.

சாச்சி அவளைக் கையமர்த்தினாள். சிரித்தாள். "அதுக்கென்ன. என்கிட்ட மூணு இருக்கே. ஒண்ணை எடுத்துக்கோ. எது வேணும்?"

வீட்டுக்கு வீடு சல்லடை வாங்குவோம், உறைமோர் வாங்குவோம். அது மாதிரித்தான் எனக்குப் பட்டது. முற்றத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்த மூன்று தலையையும் பார்த்து நிதானமாக யோசித்தேன். பெரியவனுக்குத் தலை நீளம், மொட்டை எடுபடாது. சின்னவனுக்குச் சுருட்டை முடி, எடுத்தால் அழுவான், எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். "நடுவுல இருக்கறவன்" என்றேன்.

"அச்சா. அவன் உன்னோடவன்" என்றாள் சாச்சி.

அம்மா எதற்காகத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை. வியர்வை என்று நினைத்தேன், வெயில் அப்படி. பாஷை வேறு, சாதி வேறு, ஊர் வேறு. பெற்ற பிள்ளையை இன்னொரு வீட்டுக் காரியத்துக்கு, அதுவும் அந்தக் காரியத்துக்கு, பட்டாணி உரித்துக்கொண்டே ஒருத்தி தருகிறாள் என்பது எவ்வளவு பெரிது என்று எனக்கு எப்படித் தெரியும். நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொப்பி போடாத தலையில் காற்று படுகிற சுகத்தோடு, ஓடிப்போய்க் கோலி ஆட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பிறகு சொல்ல நினைத்தபோதெல்லாம் கூச்சம் தடுத்தது. சாச்சி போயும் வெகுகாலமாகிவிட்டது.

இதில் தப்பு இருக்கலாம். மொட்டை போட்டது தையிலா மாசி பிறந்தா, தொப்பி சாம்பல் நிறமா நீலமா, அன்று உரித்தது பட்டாணிதானா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. மருமகள் இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சாச்சியின் நடுமகனுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டில்லியிலேயே, ரோகிணிப் பக்கம், மகள் வீட்டில் இருக்கிறான். அப்பா நல்ல வயதில், எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்குச் செய்தி போன கொஞ்ச நேரத்தில், யாரும் கூப்பிடாமல், அவன் வந்து எங்கள் வாசலில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தான். அதற்குள் அவனுக்குப் பாதித் தலை வழுக்கை. எடுக்க அதிகம் இல்லை. இருந்ததைக் கொடுத்தான்.